நதி ஜலப் பங்கீடும் பாசனத் திட்டமும்: காவேரியிலிருந்து நாம் அறியவேண்டுவன

நமது சங்கங்களின் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் நிலத்தை நம்பி ஜீவிப்பவர்கள். ஆற்றுப் பாசனப் பிரதேசங்களில் நிலத்தை நம்புவது என்பது ஆற்றை நம்புவதேயாகும். மேட்டூர் அணையில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது, மேலேயிருந்து எத்தனை கன அடி வருகிறது, டில்லியில் என்ன உத்தரவாயிற்று என்னும் செய்திகள் வருஷந்தோறும் வைகாசி, ஆனி மாதங்களில் டீக்கடை முதல் சங்கக் கட்டிடம் வரையில் பேசப்படுகின்றன. ஆயினும் அந்த எண்கள் எவ்வாறு ஏற்பட்டன, ஒரு பாசனத் திட்டம் எவ்விதக் கணக்கின் மேல் வகுக்கப்படுகிறது, அடுத்தடுத்துள்ள ராஜ்யங்கள் ஒரே நதியை எந்த நியாயத்தின் பேரில் பங்கிட்டுக்கொள்கின்றன என்பவை பலருக்குத் தெளிவாக விளங்குவதில்லை. கணக்கு விளங்காத இடத்தில் வதந்தி புகுந்துவிடுகிறது. வதந்தியை நம்பி நாற்று விட்டவன் நஷ்டமடைகிறான். ஆதலின் காவேரியை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயங்களை இக்கட்டுரையில் எடுத்துரைப்போம். ஒரு கிராமச் சங்கம் இதிலிருந்து தன் சொந்த வாய்க்காலுக்குப் பெறக்கூடிய பிரயோஜனம் யாது என்பதையும் முடிவில் கூறுவோம்.

1. ஜலத்தை அளக்கும் விதம்

முதலில் அளவைகளை அறிந்துகொள்ள வேண்டும். ஓடுகின்ற ஜலம் வேறு, தேங்கி நிற்கின்ற ஜலம் வேறு. ஓடுவதை ஒரு விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள். தேங்கியிருப்பதை டி.எம்.சி. என்னும் பேரளவையால் குறிக்கிறார்கள். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடியாகும்.

இந்த எண்களை நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அர்த்தம் புலப்படும். விநாடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி ஜலம் கிடைக்கும். இது ஏறத்தாழ 2 ஏக்கர் நிலத்தில் 1 அடி ஆழத்துக்கு நிற்கக்கூடியது. ஒரு டி.எம்.சி. ஜலமோ சுமார் 23,000 ஏக்கரில் 1 அடி ஆழத்துக்கு நிற்கும். நாற்றங்கால் முதல் அறுவடை வரையில் ஒரு போக நெல்லுக்குச் சுமார் 4 அடி ஆழ ஜலம் வேண்டுமென்று கொண்டால், மழையின் உதவியும் வழியில் நேரும் நஷ்டமும் இல்லாத நிலையில், ஒரு டி.எம்.சி. ஏறக்குறைய 5,700 ஏக்கர் நெல்லை விளைவிக்கும். விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாட்கள் விடவேண்டும் என்று ஓர் உத்தரவு வருமாயின், அதன் மொத்த அளவு 6.48 டி.எம்.சி. ஆகும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத முடிவில் காவேரி நீர் மேலாண்மை ஆணையம் இத்தகைய உத்தரவையே பிறப்பித்தது. எண்ணைக் கேட்டவுடன் அதை ஏக்கராக மாற்றிப் பார்க்கும் வழக்கம் குடியானவர்களுக்கு இருப்பது மிகவும் நல்லது.

2. திட்டம் வகுப்பவர் கேட்கும் கேள்விகள்

அணை கட்டினால் ஜலம் பெருகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அணையினால் ஜலம் உற்பத்தியாவதில்லை. மிகுதியான காலத்தில் வந்ததைக் குறைந்த காலத்துக்கு வைத்துக்கொள்ள அது உதவுகிறது, அவ்வளவே. ஆகவே ஒரு பாசனத் திட்டத்தை வகுக்கும் என்ஜினியர் கட்டிடத்தின் உயரத்தை யோசிப்பதற்கு முன்பே சில கேள்விகளுக்கு விடை காணவேண்டும். ஆற்றில் எவ்வளவு ஜலம் வருகிறது? எந்தெந்த மாதத்தில் வருகிறது? அதை ஏற்கெனவே அனுபவித்து வருபவர்கள் யாவர்? புதிதாக எவ்வளவு நிலத்துக்கு, எந்தப் பயிருக்கு அது வேண்டியிருக்கிறது? ஆவியாகவும் கசிவாகவும் எவ்வளவு குறையும்? மழை பொய்த்த வருஷத்தில் என் செய்வது?

இவற்றுள் முதற்கேள்வியே பலரை ஏமாற்றிவிடுகிறது. ஓர் ஏரிக்கு நான்கு வருஷங்களில் 100 பங்கு ஜலமும், ஐந்தாவது வருஷம் பெருவெள்ளத்தால் 600 பங்கு ஜலமும் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 200 பங்கு ஆகிறது. இச்சராசரியை நம்பி ஒருவர் 200 பங்குக்கு உரிய ஆயக்கட்டை ஏற்படுத்துவாராயின், ஐந்தில் நான்கு வருஷங்களில் பாதி நிலம் காயும். ஆதலால் நிபுணர்கள் சராசரியை விட்டு, நம்பத்தக்க அளவு என்ற ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். பல வருஷங்களின் வரத்தைப் பெரியதிலிருந்து சிறியது வரையில் வரிசைப்படுத்தி, நூற்றுக்கு எத்தனை வருஷங்களில் இந்த அளவோ அதற்கு மேலோ கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கு 75 வருஷங்களில் கிடைப்பது 75 சதவீத நம்பகமுள்ள அளவு. 50 வருஷங்களில் கிடைப்பது 50 சதவீத நம்பகமுள்ள அளவு. பின்னது எண்ணிக்கையில் பெரியது; உறுதியில் குறைந்தது. காவேரியின் பங்கீடு இந்த 50 சதவீதக் கணக்கின் மேல் செய்யப்பட்டிருக்கிறது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். இதன் பலனைப் பின்னர் காண்போம்.

இழப்பைக் கணக்கில் சேர்ப்பதற்குக் கிருஷ்ணா நதி ஜலம் ஓர் உதாரணம். சென்னை நகரத்தின் குடிநீருக்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று ராஜ்யங்களும் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் 15 டி.எம்.சி. கொடுக்க 1976-இல் சம்மதித்தன. ஆனால் 1983-இல் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், வழியில் 3 டி.எம்.சி. குறையும் என்று தள்ளி, எல்லையில் வந்து சேரவேண்டியது 12 டி.எம்.சி. என்றே குறிக்கப்பட்டது. கால்வாய் வழியே முதல் ஜலம் பூண்டிக்கு வந்தது 1996-இல். ஒப்புக்கொண்ட நாளுக்கும் ஜலம் வந்த நாளுக்கும் இடையே 20 வருஷங்கள் சென்றன என்பதும் திட்டம் வகுப்பவர்கள் கவனிக்கத்தக்கது.

3. காவேரியின் இயல்பு

குடகு நாட்டில் தலைக்காவேரியில் உற்பத்தியாகி, சுமார் 800 கிலோமீட்டர் ஓடிக் காவேரி வங்கக் கடலில் சேருகிறது. அதன் வடிநிலம் ஏறத்தாழ 81,000 சதுர கிலோமீட்டர். இதில் பாதிக்குச் சற்று மேற்பட்டது தமிழ்நாட்டிலும், ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானது கர்நாடகத்திலும், ஒரு சிறு பகுதி கேரளத்திலும், மிகச் சிறிய பகுதி புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலிலும் அமைந்திருக்கின்றன. ஹேமாவதி, ஹாரங்கி, கபினி முதலிய உபநதிகள் மேற்பகுதியில் சேருகின்றன. இவற்றுள் கபினி கேரளத்து வயநாட்டில் பிறப்பது. பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை தமிழ்நாட்டில் சேருகின்றன.

இந்நதியின் முக்கியமான விசேஷம் அதன் மழைக்காலம். மேற்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. கீழேயுள்ள டெல்டாவுக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவமழையே பிரதானம். குறுவைப் பயிர் நிற்கும் மாதங்களில் டெல்டாவில் போதிய மழையில்லை. அப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையையே அது எதிர்பார்க்கவேண்டும். அதே மாதங்களில்தான் மேற்பகுதியிலுள்ள அணைகளும் நிரம்பவேண்டியிருக்கின்றன; அங்குள்ள குடியானவர்களும் பயிர் செய்யவேண்டியிருக்கிறது. எனவே வழக்கின் மூலகாரணம் எவருடைய துர்ப்புத்தியும் அன்று. இரண்டு நாட்டுக் குடியானவர்களுக்கும் ஒரே காலத்தில் ஒரே ஜலம் வேண்டியிருப்பதே அதன் காரணம். வருஷம் முழுவதற்கும் ஒரு மொத்த அளவைக் குறித்தால் போதாது, மாதந்தோறும் அளவு குறிக்கவேண்டும் என்று கீழ்ப்பகுதியார் வற்புறுத்துவதும் இதனாலேயே. ஆகஸ்டில் வரவேண்டிய ஜலம் டிசம்பரில் வந்தால் கணக்கு நேராகிவிடும், குறுவை பிழைக்காது.

4. ஒப்பந்தங்களின் வரலாறு

காவேரி டெல்டாவில் பாசனம் மிகப் பழமையானது. கல்லணையைக் கரிகாற் சோழன் கட்டுவித்ததாக ஐதிகம். கொள்ளிடத்தில் ஜலம் அதிகமாகச் சென்று காவேரி மணலடைந்து வந்தபடியால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் காட்டன் என்னும் என்ஜினியரின் யோசனைப்படி மேலணை கட்டப்பட்டது. பின்னர் மைசூர் சமஸ்தானம் தன் பகுதியில் ஏரிகளையும் அணைகளையும் அபிவிருத்தி செய்ய முற்பட்டபோது, கீழே இருந்த சென்னை மாகாணத்துக்குக் கவலை பிறந்தது.

இதன் பயனாக 1892-ஆம் ஆண்டில் முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. குறிப்பிட்ட நதிகளில் சென்னை சர்க்காரின் சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் மைசூர் புதிய தேக்கங்களைக் கட்டலாகாது. ஏற்கெனவே உண்மையாக ஏற்பட்டு நடைமுறையிலிருக்கும் அனுபவ பாத்தியதையைக் காப்பாற்றும் பொருட்டன்றிச் சென்னையும் அந்தச் சம்மதத்தை மறுக்கலாகாது என்பது அதன் சாரம். இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் ஷரத்துதான். எனினும் அனுபவ பாத்தியதையின் அளவு என்ன என்பதில் கருத்து வேற்றுமை மிஞ்சியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸர் எம். விசுவேசுவரய்யா மைசூரின் தலைமை என்ஜினியராயிருந்த காலத்தில், கண்ணம்பாடியில் பேரணை கட்ட மைசூர் திட்டமிட்டது. சென்னையோ மேட்டூரில் ஓர் அணை கட்ட எண்ணியிருந்தது. சென்னை முதலில் சிறிய தேக்கத்துக்கு மட்டுமே சம்மதித்தது. விவகாரம் மத்தியஸ்தத்துக்குச் சென்று, கிரிஃபின் என்னும் நீதிபதி 1914-இல் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பைச் சென்னை ஒப்பாமல் மேலே முறையிட்டது. நீண்ட பேச்சுக்களின் பின் 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி மைசூர் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகரத்தையும், சென்னை மேட்டூரில் 93½ டி.எம்.சி. கொள்ளத்தக்க அணையையும் கட்டிக்கொள்ளலாயின. மேட்டூர் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிவுற்றது. இருவருடைய புதிய ஆயக்கட்டுக்கும் எல்லை குறிக்கப்பட்டது. கிருஷ்ணராஜசாகரத்தில் ஜலத்தைத் தேக்குவதற்கு முன் மேலணையில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ஜலம் ஓடவேண்டும் என்னும் விதிகளும் இணைக்கப்பட்டன. 50 வருஷங்களுக்குப் பின் சில ஷரத்துக்களை மறுபடியும் ஆலோசிக்கலாம் என்றும் எழுதப்பட்டது.

அந்த 50 வருஷங்களுக்குள் தேசமே மாறிவிட்டது. சமஸ்தானமும் மாகாணமும் மறைந்தன. 1956-இல் மொழிவழியாக ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது குடகு மைசூருடன் சேர்ந்தது. மலையாளப் பகுதி கேரளத்துடன் சேர்ந்தது. காரைக்காலும் இந்தியாவுடன் சேர்ந்திருந்தது. இருவருக்குள் இருந்த விஷயம் நால்வர் விஷயமாயிற்று. ஹேமாவதி, ஹாரங்கி, கபினி முதலிய உபநதிகளில் கர்நாடகம் அணைகளைக் கட்டியது. 1974-இல் ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்று கர்நாடகமும், சில ஷரத்துக்களை மட்டுமே மறுபடி ஆலோசிக்கவேண்டுமென்று தமிழ்நாடும் வாதாடின. பேச்சுவார்த்தைகள் பல நடந்தும் முடிவு ஏற்படவில்லை.

5. நடுவர் மன்றமும் சுப்ரீம் கோர்ட்டும்

ராஜ்யங்களுக்கிடையேயுள்ள நதி வழக்குகளைத் தீர்ப்பதற்கு 1956-ஆம் ஆண்டிலேயே பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்திருந்தது. காவேரிப் பாசன விவசாயிகளின் சங்கமொன்று 1983-இல் சுப்ரீம் கோர்ட்டை அணுகியது என்பது நம் போன்ற சங்கத்தார் அறியவேண்டிய விஷயம். கோர்ட்டின் உத்தரவுப்படி 1990-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 1991-இல் மன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்து, மேட்டூருக்கு ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. வந்துசேரும்படி கர்நாடகம் விடவேண்டும் என்றது. அவ்வாண்டின் இறுதியில் கர்நாடகத்தில் கலகங்கள் மூண்டு, உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. ஆற்றோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத கூலிக்காரர்களும் கடைக்காரர்களும் அதில் துன்புற்றனர். 2016-இல் மழை குறைந்தபோதும் அத்தகைய கலவரம் நிகழ்ந்தது.

மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி வெளியாயிற்று. 50 சதவீத நம்பகத்தில் காவேரியின் மொத்த ஜலம் 740 டி.எம்.சி. என்று அது நிர்ணயித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று பங்கிட்டது. நதியின் சுற்றுப்புற நலத்துக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடலுக்குச் செல்வதற்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது.

இத்தீர்ப்பின் மேல் வந்த அப்பீல்களைச் சுப்ரீம் கோர்ட்டு 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி தீர்த்து வைத்தது. பங்களூர் நகரத்தின் குடிநீர்த் தேவையையும், தமிழ்நாட்டு டெல்டாவில் பூமிக்குள் கிடைக்கும் ஜலத்தையும் கருதி, கர்நாடகத்தின் பங்கு 14.75 டி.எம்.சி. உயர்த்தப்பட்டு 284.75 ஆயிற்று, தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆகக் குறைந்தது. கேரளம், புதுச்சேரி பங்குகள் மாறவில்லை. எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் விடவேண்டிய அளவு 192-இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆயிற்று. சாதாரண வருஷத்தில் இதன் மாத வீதம் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76; பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி.

எண்களைக் காட்டிலும் அத்தீர்ப்பு உறுதி செய்த கொள்கை முக்கியமானது. பல ராஜ்யங்களின் வழியே ஓடும் நதி எந்த ஒரு ராஜ்யத்துக்கும் தனிச் சொத்தன்று; அது தேசத்தின் பொதுச் சொத்து. மேலே இருப்பவர் ‘மழை எங்கள் மலையில் பெய்தது’ என்ற ஒரே காரணத்தால் முழுவதையும் வைத்துக்கொள்ள முடியாது. கீழே இருப்பவர் ‘நாங்கள் முந்தி அனுபவித்தோம்’ என்ற ஒரே காரணத்தால் பிறருடைய அபிவிருத்தியை முற்றிலும் தடுக்கவும் முடியாது. பழைய அனுபவம், ஜனத்தொகை, குடிநீர், நிலத்தின் அளவு, வேறு வழியில் ஜலம் கிடைக்கும் வசதி ஆகிய யாவற்றையும் சீர்தூக்கி நியாயமான பங்கு காணவேண்டும்.

தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காவேரி நீர் மேலாண்மை ஆணையமும், அதன் கீழ் நீர் ஒழுங்காற்றுக் குழுவும் ஏற்பட்டன. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகரம், கபினி, ஹாரங்கி, ஹேமாவதி, தமிழ்நாட்டின் மேட்டூர், பவானிசாகர், அமராவதி, கேரளத்தின் பாணாசுரசாகர் ஆகிய அணைகளின் இருப்பும் வரத்தும் இக்குழுவினால் கவனிக்கப்படுகின்றன.

6. குறைந்த வருஷமே சோதனை

இனி, முன்பு நினைவில் வைக்கும்படி கூறிய விஷயத்துக்கு வருவோம். 740 டி.எம்.சி. என்பது 50 சதவீத நம்பகமுள்ள அளவு. அதாவது, நீண்ட காலத்தில் ஏறக்குறைய பாதி வருஷங்களில் அவ்வளவு ஜலம் வராது என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. நல்ல மழை பெய்த வருஷங்களில் வழக்கே எழுவதில்லை. எல்லா அணைகளும் நிரம்பி, மிகுதி தானே கீழே வருகிறது. 2022-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதிக்கு முன்பாகவே மே 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. 2024-இலோ ஜூலை 28-ஆம் தேதி வரையில் காத்திருக்க நேர்ந்தது. ஒப்பந்தம் பயன்படவேண்டியது இப்படிப்பட்ட பிந்திய வருஷங்களிலேயே.

குறைந்த வருஷத்தில் எல்லோருடைய பங்கும் ஒரே விகிதத்தில் குறையவேண்டும் என்பது மன்றம் வகுத்த விதி. கணக்குக்காக, மொத்த வரத்து முக்கால் பங்காக, அதாவது 555 டி.எம்.சி. ஆகக் குறைந்ததாகக் கொள்வோம். அப்போது தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 303, கர்நாடகத்தின் பங்கு ஏறத்தாழ 213½, கேரளத்தின் பங்கு 22½, புதுச்சேரியின் பங்கு 5¼ டி.எம்.சி. ஆகும். காகிதத்தில் இது எளிய கணக்கு. நடைமுறையில் உள்ள கஷ்டம் வேறு. ஜூலை மாதத்தில் நிற்கும் ஒருவருக்கு, அந்த வருஷம் குறைந்த வருஷமா அல்லவா என்பது தெரியாது. மேலே இருப்பவர், மழை மேலும் குறையலாம் என்று அஞ்சி ஜலத்தைப் பிடித்துவைக்க விரும்புகிறார். கீழே இருப்பவர், இப்போது வராவிட்டால் பின்பு வந்து பயனில்லை என்று அஞ்சுகிறார். இருவருடைய அச்சமும் நியாயமானது. இதனால்தான், வருஷ முடிவு வரையில் காத்திராமல் அணைகளின் இருப்பையும் வரத்தையும் அடிக்கடி பார்த்து அவ்வப்போது அளவைத் திருத்தவேண்டியிருக்கிறது. அளவீட்டில் இரு தரப்பாருக்கும் நம்பிக்கை இருந்தால் இது இயலும். இல்லையேல் ஒவ்வொரு பதினைந்து நாளும் ஒரு வழக்காகிவிடும்.

இதனோடு ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கவேண்டும். ஆற்று ஜலம் ஒரு துளியும் கடலுக்குப் போகாமல் தடுப்பதே சிறந்த திட்டம் என்று பலர் கருதுகிறார்கள். முகத்துவாரத்துக்கு நன்னீர் போகாவிடில் கடலின் உவர்நீர் ஆற்றுக்குள்ளும் நிலத்துக்குள்ளும் ஏறுகிறது, கடைமடைக் கிராமங்களின் கிணறுகள் கெடுகின்றன, மீன்வளம் குன்றுகிறது. ஆற்றுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது தர்மத்துக்காக அன்று, கடைமடையார் பிழைப்பதற்காகவே.

7. கிராமச் சங்கம் செய்யத்தக்கவை

இரண்டு ராஜ்யங்களுக்குள் உள்ள இவ்வழக்கு ஒவ்வொரு வாய்க்காலிலும் சிறிய உருவத்தில் இருக்கிறது. தலைமடையார் முதலில் பாய்ச்சுகிறார். கடைமடையார் வானத்தைப் பார்க்கிறார். கர்நாடகம் ஜலம் விடவில்லை என்று வருந்துகிற ஒரு தலைமடைக் குடியானவர், தம் வயலில் அரை அடி ஜலத்தை நிறுத்திவைத்து அண்டை வயலுக்கு மடையை அடைத்துவிடுவதும் உண்டு. ஊருக்குள் நியாயம் செய்யாமல் ஊருக்கு வெளியே நியாயம் கேட்பது பொருந்தாது. ஆகவே சங்கங்கள் பின்வருவனவற்றை யோசிக்கவேண்டும்.

முதலாவது, கணக்கு. எந்த மதகின் கீழ் எத்தனை ஏக்கர், யாருடைய நிலம், என்ன பயிர் என்னும் ஜாபிதா சங்கத்தில் இருக்கவேண்டும். மதகின் அருகே அடி அளவு குறித்த கல் ஒன்றை நட்டு, தினமும் அளவைப் பலகையில் எழுதிவைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கண்ணால் கண்ட அளவை ஒருவரும் மறுப்பதில்லை.

இரண்டாவது, மராமத்து. குடிமராமத்து நம் நாட்டின் பழைய ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாக்கில் அது சர்க்கார் திட்டமாக மறுபடியும் உயிர்பெற்றது. மேட்டூர் திறக்குமுன் கண்ணி வாய்க்கால்களைத் தூர்வாரி வைக்காத ஊர், தனக்கு வந்த பங்கைத் தானே இழந்துவிடுகிறது. அணையிலிருந்து புறப்பட்ட ஜலம் கோரையிலும் வெங்காயத்தாமரையிலும் தங்கிவிடுமாயின், எந்தக் கோர்ட்டும் அதை மீட்டுத் தரமாட்டாது.

மூன்றாவது, முறை. பகலும் இரவும் மாறிமாறி வரும்படி ஏக்கருக்கு இத்தனை நாழிகை என்று முறை வகுத்து, நீர்க்கட்டியின் பொறுப்பில் விடுவது பல ஊர்களில் வழங்கிய ஏற்பாடு. அது மறைந்த இடங்களில் மீண்டும் ஏற்படுத்தலாம். இதற்குச் சட்டத்தின் ஆதரவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, விவசாயிகளே பாசன அமைப்புக்களை நிர்வகிப்பதற்கான சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடமளிக்கிறது.

நான்காவது, சிக்கனம். நெல்லுக்கு எப்போதும் ஜலம் நிற்கவேண்டும் என்பதில்லை. கட்டிய ஜலம் மறைந்தபின் மறுபடி கட்டும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்னும் முறையால் விளைச்சல் குறையாமல் கணிசமான ஜலம் மிஞ்சுகிறது. தலைமடையில் மிஞ்சியது கடைமடைக்கு உயிராகும்.

ஐந்தாவது, இவை யாவற்றிலும் முக்கியமானது, குறைந்த வருஷத்துக்குரிய விதி. ஜலம் குறைந்தபின் பங்கு பேசத் தொடங்கினால் ஒவ்வொருவரும் தம் பயிரைக் கண்முன் வைத்துக்கொண்டே பேசுவர், முடிவு ஏற்படாது. காவேரி வழக்கு நூறாண்டுக்கு மேல் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகையால் எல்லோருக்கும் ஜலம் இருக்கும்போதே பொதுக்கூட்டம் கூட்டி, முக்கால் பங்கு வந்தால் என்ன, அரைப் பங்கு வந்தால் என்ன என்று தீர்மானித்து மினிட் புத்தகத்தில் எழுதி, அனைவரும் கையொப்பமிடவேண்டும். அரைப் பங்குக்கும் குறைந்தால் குறுவையை விட்டு சம்பா மட்டும் செய்வதா, குறுகிய காலத்து விதையை எல்லோரும் ஒரே வாரத்தில் விதைப்பதா, பொது நாற்றங்கால் ஒன்றை ஓரிடத்தில் வைப்பதா என்பவற்றை அப்போதே முடிவு செய்யலாம். பயிர்க்கடன் வழங்கும் சங்கம் இந்தத் தீர்மானத்தை அனுசரித்துக் கடன் கொடுக்குமாயின், வராத ஜலத்தை நம்பிக் கடன்பட்டுத் தவிக்கும் நிலைமை அங்கத்தினருக்கு நேராது.

ராஜ்யங்களின் பங்கை நிர்ணயிப்பது கோர்ட்டுக்களுக்கும் ஆணையத்துக்கும் உரியது. அதை நாம் மாற்ற இயலாது. நம் மதகுக்குள் வந்த ஜலத்தின் பங்கை நிர்ணயிப்பது நம்முடையது. அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘குறைந்த வருஷத்து நீர்ப்பங்கு’ என்று ஒரு விஷயத்தைச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் தத்தம் சங்கக் காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்வார்களாக. அக்கூட்டத்துக்குக் கடைமடையாரைத் தவறாமல் அழைத்து, அவர்களை முதலில் பேசவிடுவது நலம்.